முனையத்தின் நட்சத்திரம்

அத்தியாயம் ஆறு

எலுமிச்சைச் சாதம் ஒரு குடும்பத்தை நாட்டைவிட்டே துரத்தும் என்று சரத் அன்றுவரை நினைத்ததில்லை. சாப்பிட்டால் தூக்கம் வரும். அந்தச் சாதத்தில் அவனுக்குத் தெரிந்த ஆபத்து அவ்வளவுதான்.

"இது உங்க லஞ்ச்தான்னு ஆபீஸ்ல முடிவே பண்ணிட்டாங்களா?" என்று கேட்டான்.

எதிரே நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்த தாரிணி தலையசைத்தாள். மூன்று நாளாகச் சரியாகத் தூங்காத முகம். நெற்றியில் மெல்லிய திருநீற்றுக் கீற்று மட்டும் ஒழுங்காக இருந்தது. ஹீட்டர் அவளுக்கு நேரே எரிந்தும் கோட்டைக் கழற்றவில்லை.

இடம், நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரில் மவுண்ட் ஆல்பர்ட் ரயில் நிலையத்துக்குப் பின்தெரு. கௌரியின் பழைய மரவீடு. அதன் முன்னறைதான் அவருடைய துப்பறியும் அலுவலகம். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, ஒரு காப்புறுதி நிறுவனத்தில் பொய்க் கிளெய்ம்களைப் பிடித்தே பாதி ஆயுளைக் கழித்தவர் கௌரி. எரிந்த காரைப் பார்த்தால் போதும், அது தானாக எரிந்ததா, தவணை கட்ட முடியாமல் எரிந்ததா என்று சொல்லிவிடுவார். சரத் சேலத்துக்காரன். ஐ.டி. வேலை போனபிறகு அவருக்குக் கார் ஓட்டுகிறான், கணினி பார்க்கிறான், இடையிடையே துப்பும் துலக்குகிறான். மூன்றாவதை மட்டும் கௌரி இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.

தாரிணி பொருளாதார ஆய்வாளர். நகரின் தென்பகுதியான மனுகாவில் ஓர் ஆலோசனை நிறுவனத்தில் வேலை. மேற்குக் கரையில் ஒரு சின்னத் துறைமுக ஊரில் எரிவாயு டெர்மினல், அதாவது முனையம், கட்ட ஒரு கம்பெனி கிளம்பியிருந்தது. வெளிநாட்டில் வாயுவைக் குளிரவைத்துத் திரவமாக்கிக் கப்பலில் கொண்டுவருவார்கள். முனையத்தில் அதை மறுபடி வாயுவாக்கிக் குழாயில் விடுவார்கள். இதனால் அந்த வட்டாரத்துக்கு என்ன நன்மை, எத்தனை பேருக்கு வேலை என்று கணித்துச் சொல்லும் அறிக்கை தாரிணியின் பொறுப்பு. ஊரில் அதை நம்பித்தான் எல்லாம் காத்துக் கிடந்தது. ஒருவர் மோட்டலுக்கு மாடி கட்ட வங்கியில் கடன் கேட்டிருந்தார். இன்னொருவர் மீன்பிடிப் படகை விற்க விளம்பரமே கொடுத்துவிட்டார்.

தாரிணி கணக்குப் போட்டுப் பார்த்தாள். கட்டுமானம் நடக்கும்போது ஊர் அமர்க்களப்படும். ஆனால் வேலைக்காரர்களில் பெரும்பாலோர் வெளியூர். கட்டி முடித்தபிறகு அந்த ஊர்க்காரர்களுக்கு நிரந்தரமாக மிஞ்சும் வேலைகளை ஒரு மினிபஸ்ஸில் ஏற்றிவிடலாம். அதை அப்படியே எழுதினாள். அவளுடைய மேலாளர் விநாயகமூர்த்திக்கு அது பிடிக்கவில்லை. வரைவை ஓரங்கட்டிவிட்டுத் தானே ஒரு புது அறிக்கை தயாரித்துப் போன வியாழக்கிழமை ஒப்பமிட்டு வெளியிட்டார். அதில் மினிபஸ் தொள்ளாயிரம் பேராக வளர்ந்திருந்தது.

எப்படி வளர்ந்தது என்று சரத் கேட்டான்.

"ஒரே வெல்டர் மூணு வருஷம் வேலை பார்த்தா மூணு பேர்னு எண்ணிக்கலாங்க. ஆக்லாந்துலேர்ந்து வந்து போறவரா இருந்தாலும் உள்ளூர்க்காரர்னு போட்டுக்கலாம். அவருக்கு மத்தியானம் மீட் பை விக்கிற பேக்கரிக்காரரையும் சேர்த்துக்கலாம்."

"எங்கம்மா ரேஷன் கார்டுக்கு இப்படித்தான் ஆள் சேர்த்தாங்க" என்றான் சரத். "பாதிப் பேர் அதுக்கப்புறம்தான் பொறந்தாங்க."

கௌரி அவனை ஒரு பார்வை பார்த்தார். அவன் கணினிப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

வினை அதற்குப் பிறகுதான் வந்தது. முனையத்தை எதிர்க்கும் அந்த ஊர்க் குழு, தாரிணியின் வரைவிலிருந்து ஒரு பக்கத்தை இணையத்தில் போட்டுவிட்டது. தொள்ளாயிரம் வேலை எங்கே என்று மேலே ஒரு கேள்வி. வரைவின் அச்சுப் பிரதி மூன்றே பேரிடம் இருந்தது: தாரிணி, விநாயகமூர்த்தி, நிறுவனத்தின் இயக்குநர் பிலிப்பா. மூவருமே கிழித்துப் போட்டாயிற்று என்றார்கள். வெளியான படத்தில் தாளின் மூலையில் ஒரு மஞ்சள் கறை. அருகில் பச்சையாக ஒரு புல். தாரிணி தினமும் மதியம் அலுவலகப் புல்வெளியில் உட்கார்ந்து எலுமிச்சைச் சாதம் சாப்பிடுபவள். கறையையும் புல்லையும் கூட்டிப் பார்த்தார்கள், வழக்கு முடிந்தது. மூன்று நாளாக இடைநீக்கம். இன்றைக்கு மதியம் விசாரணை. வேலை போவது ஏறக்குறைய உறுதி. இந்த வேலையை வைத்துத்தான் ரெசிடென்ட் விசாவுக்கு விண்ணப்பித்திருந்தார்கள். வேலை போனால் விண்ணப்பமும் போகும்.

"எங்க வீட்டுக்காரருக்கும் இப்ப லீவ் எடுத்து அலைய முடியாது. கோடையில மாமனார் தவறிட்டாருன்னு திருச்சி போய்ட்டு வந்ததுலயே எல்லா லீவும் போச்சு. தகனினிங்கிற ஏரியாவுல வாங்கின வீட்டுக்கு மார்ட்கேஜ் வேற. பொண்ணு இப்பதான் ஸ்கூல் நெட்பால் டீம்ல சேர்ந்திருக்கா" என்றாள் தாரிணி. "ஊருக்குப் போறோம்னு அவகிட்ட எந்த வாயால சொல்வேன்?"

விநாயகமூர்த்தி எப்படிப்பட்டவர் என்று கௌரி விசாரித்தார். கெட்டிக்காரர், ஆனால் கிண்டல்காரர் என்றாள் தாரிணி. சாமி, சாத்திரம் எதுவும் கிடையாது. அவள் திருநீறு பூசிக்கொண்டு போனால், நெற்றியில் என்னம்மா, சுண்ணாம்பு ஒட்டியிருக்கிறதே என்பாராம். எண்தான் என் கடவுள் என்று அவர் சொல்லாத கூட்டமே இல்லையாம்.

கௌரி மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டார்.

"தம்பி, அந்த மூலையை நல்லாப் பெருப்பிச்சுக் காட்டும்."

சரத் பெரிதாக்கினான். கறை திரை முழுக்க விரிந்தது.

"எலுமிச்சைச் சாதத்தில எண்ணெய் இருக்கும். எண்ணெய் பட்டால் கடுதாசி கண்ணாடி மாதிரி ஆகும், சுத்திவர ஊறும். இது காய்ஞ்சு கிடக்குது. விரல் நுனி அளவு. நடுவில என்ன?"

"சிவப்பா ஒரு புள்ளி. நான் தக்காளித் தோல்னு நெனச்சேன்."

"நீர் சாப்பாட்டை விட்டு வெளியில வாரும். அந்தப் புல்லைப் பாரும். எத்தினை இதழ்?"

மூன்று. சரத்துக்கு அப்போதுதான் உறைத்தது. சேலத்தில் அவன் அப்பா புது பைக் வாங்கினபோது, அதன் ஆர்.சி. புத்தகத்தின் மூலையில் வைத்தது இதே மஞ்சள், இதே குங்குமம். மேலே இதே அருகம்புல். அறிக்கை புல்வெளிக்குப் போகவில்லை. பிள்ளையாரிடம் போயிருக்கிறது.

ஆக்லாந்தில் இந்தக் குளிரில் அருகம்புல் கிடைக்கும் பிள்ளையார் கோவில் ஒன்றே ஒன்றுதான் என்றார் கௌரி. மனுகாவுக்கு அந்தப் பக்கம். அங்கே இராசநாயகம் என்பவர் மீன் வரும் தெர்மோகோல் பெட்டியில் மண் போட்டு, சாமிக்கென்று அருகம்புல் வளர்க்கிறார். நீரும் வாரும் பிள்ளை, போய் ஒரு பார்வை பார்த்துவிட்டு அப்படியே உம்முடைய அலுவலகத்துக்குப் போகலாம் என்று தாரிணியைக் கூப்பிட்டார்.

தாரிணி சட்டென்று எழுந்தாள். கோவிலுக்கு வர முடியாது, வாசல்வரைகூட வர முடியாது என்றாள். ஏன் என்று சொல்லவில்லை. நேராக மனுகாவுக்கே வந்துவிடுகிறேன் என்று குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அவள் போன வேகத்தைச் சரத் மனதில் குறித்துவைத்துக்கொண்டான்.

தெற்கு மோட்டார்வேயில் மழையும் லாரிகளுமாக இருந்தன. ஓட்டிக்கொண்டே சரத் தன் சந்தேகத்தை அவிழ்த்தான். ஆபீஸில் மூன்று பேர். அதில் ஒருத்தி வெள்ளைக்காரி, ஒருவர் நாத்திகர், ஒருத்தி திருநீறு. மஞ்சள் வைத்தது யார் என்று சொல்ல டிடெக்டிவ் லைசென்ஸ் தேவையில்லை. அதுவும் கோவில் என்றதும் கட்சிக்காரருக்கு முகம் வெளுத்துவிட்டது. கௌரி வைப்பரை இன்னும் கொஞ்சம் வேகமாகப் போடச் சொன்னார்.

கோவில், முன்னாளில் டயர் கிடங்காக இருந்த கட்டடம். கூரைக்குள்ளேயே ஒரு குட்டிக் கோபுரம். உள்ளே போகும் ஆண்கள் சட்டையைக் கழற்ற வேண்டும்; ஈழத்துக் கோவில்களின் வழக்கம், ஆக்லாந்துக் குளிருக்காக அதில் சலுகை கிடையாது. சரத் வெற்று மார்போடு, கையைக் கட்டிக்கொண்டு, பக்தியில்தான் நடுங்குகிறேன் என்பதுபோல நின்றான்.

வெள்ளிக்கிழமை என்பதால் இராசநாயகம் ஏற்கெனவே கேமராவைக் கழுத்தில் மாட்டியிருந்தார். ஓய்வுபெற்ற பஸ் ஓட்டுநர். பிள்ளைகள் சேர்ந்து வாங்கிக்கொடுத்த கேமரா. வாராவாரம் சாமி அலங்காரத்தைப் படமெடுத்துக் கோவிலின் பேஸ்புக் பக்கத்தில் போடுவது அவர் பணி. போன வெள்ளிக்கிழமைப் படத்தைக் காட்டச் சொல்லிக் கௌரி கேட்டதும், அவருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

"பாரும் தங்கச்சி, சாமியின்ர நகக்கண்கூடத் தெரியும்" என்று ஐபேடை நீட்டினார்.

கௌரி நகக்கண்ணைத் தாண்டி இன்னும் கீழே போனார். பிள்ளையாரின் காலடியில் ஒரு தாம்பாளம். ஆக்லாந்தில் பிள்ளையாருக்கு வேலைப் பளு அதிகம். கார்ச் சாவிகள், பாஸ்போர்ட்டுகள், யாரோ ஒரு பிள்ளையின் லேர்னர்ஸ் லைசென்ஸ், வீட்டு ஒப்பந்தம். எல்லாவற்றுக்கும் மேலே, மூலையில் மஞ்சள் வைத்து, அருகம்புல் சாத்தி, ஒரு கட்டுத் தாள். விரலால் விரித்ததும் எழுத்து தெளிவாக வந்தது. நிரந்தர வேலைகள் என்ற தலைப்பும் தாரிணியின் மினிபஸ் எண்ணும் அப்படியே வாசிக்கக் கிடைத்தன.

இராசநாயகத்தின் புன்னகை மெல்ல வடிந்தது. "நான் சாமியைத்தான் எடுத்தனான்" என்றார்.

இதைப் பெரிய அளவில் யாராவது கேட்டார்களா என்று கௌரி விசாரித்தார். கேட்டார்கள். மேற்குக் கரையில் முனையம் வரப்போகும் அந்தத் துறைமுக ஊரிலிருந்து ஒரு வெள்ளைக்கார அம்மா, படம் மிக அழகு, முழு அளவில் கிடைக்குமா என்று எழுதியிருந்தார். சைவ சமயத்தில் அவருக்கு ஆர்வம் பிறந்துவிட்டது என்று இராசநாயகம் மகிழ்ந்துபோய், படத்தோடு விநாயகர் அகவலின் ஆங்கில விளக்கத்தையும் சேர்த்து அனுப்பியிருந்தார்.

"அந்தம்மா விளக்கத்தையும் படிச்சிருப்பாங்க ஐயா" என்று சரத் ஆறுதல் சொன்னான். "தடையை நீக்குற சாமின்னு போட்டிருப்பீங்க. நம்பிட்டாங்க."

ஆக, யாரும் எதையும் திருடவில்லை, கசியவிடவில்லை. ரகசிய அறிக்கையை யாரோ சாமி காலடியில் வைத்தார்கள். சாமியோடு சேர்ந்து அதுவும் உலகத்துக்குத் தரிசனம் கொடுத்துவிட்டது. வைத்தது யார் என்பதுதான் மிச்சம்.

குருக்கள் வாய் திறக்க மறுத்தார். அது சாமிக்கும் அடியாருக்கும் இடையிலான விஷயம், போலீஸ் வந்தாலும் சொல்லமாட்டேன் என்றார். கௌரி வற்புறுத்தவில்லை, தீபத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு பேசாமல் நின்றார். அந்த மௌனம் குருக்களுக்குத்தான் தாங்கவில்லை. ஆள் பெயர் சொல்லமாட்டார். ஆனால் மனதை அரித்த ஒன்றைச் சொல்லாமலும் இருக்க முடியவில்லை.

"ஆரின்ர பேருக்கு அர்ச்சனை எண்டு கேட்டன். டெர்மினல் எண்டார். காருக்கு, கடைக்கு, மாட்டுக்குக்கூடச் செய்திருக்கிறன் பிள்ளை, டெர்மினலுக்கு இதுதான் முதல். அதுக்கு என்ன நட்சத்திரம் எண்டு கேட்டால் முழிச்சார். சட்டையில்லாமல் பல்லு வேற அடிச்சுக்கொண்டு இருந்துது. பிறகு தன்ர நட்சத்திரத்தையே சொன்னார்."

என்ன நட்சத்திரம் என்று கேட்டதற்கு, அதையும் சொல்லமாட்டேன் என்று உள்ளே போய்விட்டார்.

காருக்குத் திரும்பியதும் சரத் முதலில் சட்டையைப் போட்டான், பிறகு ஹீட்டரைப் போட்டான், அப்புறம்தான் மூளையைப் போட்டான். வந்தவர் சட்டையைக் கழற்றினார் என்றால் ஆண். ஆண் என்றால் தாரிணி இல்லை. ஆனால் தாரிணியின் வீட்டில் ஓர் ஆண் இருக்கிறாரே. மனைவி எழுதிய அறிக்கை நல்லபடியாகப் போக வேண்டும் என்று புருஷன் கொண்டுவந்து வைத்திருப்பார். அதனால்தான் இந்தப் பக்கம் வர அவளுக்குப் பயம். குருக்கள் பார்த்தால், உன் வீட்டுக்காரர் சுகமா என்று கேட்டுவிடுவார்.

கெட்டிக்கார யோசனைதான். சரத்துக்கே தன்மேல் மரியாதை வந்தது.

"அவவின்ர மாமனார் எப்ப மோசம் போனவர்?" என்று கேட்டார் கௌரி.

"கோடையிலன்னாங்க."

"இப்ப மாரி. வருசம் திரும்பேல்லை. தலைத் திவசம் முடியுமட்டும் அந்த வீட்டு ஆக்கள் கோவில் வாசலை மிதிப்பினமோ? அதுவும் கொள்ளி வைச்ச மகன்?"

கௌரி போனிலேயே தாரிணியைக் கேட்டு உறுதிசெய்துகொண்டார். ஆமாம், அதனால்தான் வரவில்லை. முதன்முதலாக வந்திருக்கும் ஒருவர் வீட்டு முன்னறையில் சாவுத் தீட்டைப் பற்றிப் பேச வேண்டாமென்று சொல்லாமல் விட்டேன் என்றாள் அவள். பக்தி இருக்கிறது என்பதாலேயே சரத் அவளைச் சந்தேகப்பட்டான். பக்தி இருக்கிறது என்பதாலேயே அவள் அங்கே போயிருக்க முடியாது. காலையிலிருந்து அவளைப் பற்றித் தான் நினைத்ததெல்லாம் நினைவுக்கு வந்து, சரத்துக்கு வெட்கமாகப் போயிற்று.

"அப்ப மிச்சம் ரெண்டு பேர்தான். பிலிப்பா மேடம் சட்டையைக் கழட்டியிருக்க..."

"தம்பி."

"சரி அக்கா, சொல்லலை. ஆனா விநாயகமூர்த்தி சாரா? எண்ணைக் கும்பிடுறவராச்சே அவரு. குருக்களும் சாட்சி சொல்லமாட்டார், படத்துல ஆளும் இல்லை. எதை வச்சு நிரூபிக்கிறது?"

கௌரி சம்பந்தமில்லாமல் ஒரு கேள்வி கேட்டார். உங்கள் ஊர்ப் பக்கம் சனம் கேட்டாலே பயப்படுகிற நட்சத்திரம் எது?

"கேட்டை. எங்க சித்தி பொண்ணுக்கு கேட்டைன்னு ரெண்டு வருஷமா வரன் தட்டிக்கிட்டே போகுது. பொண்ணு டாக்டர், அப்படியும்."

"அது போதும். காரை எடும்."

மனுகாவில், மாலுக்கு எதிரே ஐந்தாவது மாடியில் விசாரணை அறை. தாரிணி ஆதரவுக்கு ஆள் கூட்டிவரலாம் என்பது சட்டம். அந்த ஆளாகக் கௌரி போனார். கௌரிக்கு மொழிபெயர்க்க என்று சரத் போனான். கௌரியின் ஆங்கிலம் அவனுடையதைவிட நல்லது என்பதை இருவரும் வெளியே சொல்லவில்லை.

பிலிப்பா நல்ல பெண்மணி. தாரிணியைப் பார்த்து உண்மையிலேயே வருந்தினார். ஆனால் முறை என்று ஒன்று இருக்கிறதே என்ற முகத்தோடு வருந்தினார். பக்கத்தில் விநாயகமூர்த்தி. ஐம்பது வயதிருக்கும். நீலச் சட்டை, கழுத்துவரை பொத்தான். மடிக்கணினியை மேசை விளிம்புக்கு நேராக வைத்து, இன்னும் கொஞ்சம் நேராக்கிக்கொண்டிருந்தார்.

கௌரி சுற்றிவளைக்காமல், இராசநாயகத்திடம் இரவல் வாங்கிவந்த ஐபேடைப் பிலிப்பாவிடம் கொடுத்தார். யானைமுகச் சாமியின் காலடியில் தன் நிறுவனத்தின் பெயர் போட்ட அறிக்கையைப் பார்த்ததும் பிலிப்பா ஐபேடை இன்னும் கிட்டே கொண்டுவந்து பார்த்தார். பிறகு தாரிணியைப் பார்த்து, இது உங்கள் கோவிலா என்று மெதுவாகக் கேட்டார்.

தாரிணி பதில் சொல்வதற்குள் விநாயகமூர்த்தி ஆங்கிலத்தில் முந்திக்கொண்டார். இதைத்தான் நான் ஆரம்பத்திலிருந்தே சொல்கிறேன், தனிப்பட்ட நம்பிக்கைகளை வேலைக்குள் கொண்டுவந்தால் இப்படித்தான் ஆகும் என்றார். அதுவரை குனிந்திருந்த தாரிணி நிமிர்ந்து அவரைப் பார்த்தாள்.

கௌரி வாதாடவில்லை. நாற்காலியை அவர் பக்கம் திருப்பி, சொந்தக்காரருக்கு ஒரு துக்கச் செய்தி சொல்வதுபோலத் தமிழில் சொன்னார்:

"ஐயா, இதையும் உங்களிட்டச் சொல்ல வேணும். கோவிலுக்குப் போயிட்டுத்தான் வாறம். அண்டைக்குச் செய்த அர்ச்சனை பிழைச்சுப் போச்சாம். ஐயர் அவசரத்தில கேட்டை நட்சத்திரத்துக்குச் செய்துபோட்டாராம்."

"கேட்டையா?" விநாயகமூர்த்தி நிமிர்ந்துவிட்டார். "சதயம்னு ரெண்டு தடவை தெளிவா சொன்னேனே அவர்கிட்ட."

விநாயகமூர்த்தியின் கை மடிக்கணினிமேல் இருந்தபடியே நின்றுவிட்டது.

"ஐயர் சரியாத்தான் செய்தவர்" என்றார் கௌரி. "பொய் சொன்னது நான். பிள்ளையாரிட்ட நான் கேட்டுக்கொள்ளுறன்."

என்ன நடக்கிறது என்று பிலிப்பா சரத்தைப் பார்த்தார். சரத் தன் வாழ்நாளில் செய்த கடினமான மொழிபெயர்ப்பு அதுதான். இவர் இப்போது தன் பிறந்த நட்சத்திரத்தைச் சொன்னார். அது ஒப்புதல் வாக்குமூலம் என்றான். பிலிப்பாவுக்கு விளங்கவில்லை. விளக்கினான். கோவிலில் பூசை செய்யும்போது பேரும் நட்சத்திரமும் சொல்ல வேண்டும்; விலாசம் மாதிரி. விலாசம் தப்பாகப் போய்விட்டது என்றால் அனுப்பியவருக்கு மட்டும்தான் பதறும். பிலிப்பா மெதுவாகத் திரும்பி விநாயகமூர்த்தியைப் பார்த்தார். அவர் மறுக்கவில்லை.

கௌரி இன்னும் முடிக்கவில்லை. குரலை உயர்த்தாமல் அடுத்ததைக் கேட்டார்.

"தொள்ளாயிரம் பேர் அறிக்கை போன வியாழக்கிழமையே ஒப்பமிட்டு முடிஞ்சுது. வெல்ல வேண்டியது அதுதானே? அடுத்த நாள் வெள்ளிக்கிழமை கும்பிடப் போனனீங்கள், அதை விட்டுட்டு ஏன் இந்தப் பிள்ளையின்ர பழைய தாளை வைச்சனீங்கள்?"

சரத் இதை யோசிக்கவே இல்லை. தாரிணியும் யோசிக்கவில்லை என்பது அவள் முகத்தில் தெரிந்தது.

விநாயகமூர்த்தி சட்டைக் காலரைத் தளர்த்தினார். பேச ஆரம்பித்தபோது, கூட்டங்களில் கேட்கும் அந்தக் குரல் இல்லை. மதுரைப் பக்கத்துச் சாதாரணக் குரல்.

"புதுசைத்தான் கொண்டுபோனேன். பழசும் பையில கிடந்துச்சு. தட்டுல வைக்கப்போறப்ப கை வரலைங்க. வெல்டரை மூணு பேர்னு எழுதினது நானு. அதை அவர் காலடியில வச்சிட்டு நல்லது பண்ணு சாமின்னு எப்படிக் கேக்கிறது? தாரிணியோடதுதான் நெசம். அதை வச்சேன்."

கோவிலுக்குப் போகிறவர் என்று தெரிந்தால் ஆபீஸில் யாரும் மதிக்கமாட்டார்கள் என்று இத்தனை வருடம் மறைத்தே பழகிவிட்டது என்றார். இணையத்தில் அந்த மஞ்சள் மூலையைப் பார்த்த நிமிடமே அவருக்குத் தெரிந்துவிட்டதாம். சொன்னால் கோவிலும் வெளியே வரும், தொள்ளாயிரமும் வெளியே வரும். எலுமிச்சைச் சாதம் என்று யாரோ சொன்னபோது, பேசாமல் இருந்துவிட்டார்.

சரத் இதையெல்லாம் தாழ்ந்த குரலில் பிலிப்பாவுக்குச் சொல்லிக்கொண்டே வந்தான். கேட்கக் கேட்க அவர் முகம் இறுகியது. இடைநீக்கம் இந்த நிமிடமே ரத்து, தாரிணியின் விசாவுக்கு நிறுவனம் எழுத வேண்டியதை இன்றைக்கே நான் எழுதுகிறேன் என்றார். தொள்ளாயிரம் பேர் அறிக்கை திரும்பப் பெறப்படும். உங்களைப் பற்றி நாம் தனியே பேச வேண்டும் என்று விநாயகமூர்த்தியிடம் சொன்னார். அவர் தலைகுனிந்து சரி என்றார்.

தாரிணி அழவில்லை. விசா தப்பியது, வீடு தப்பியது. அந்த நிம்மதியைத் தாண்டிக் கோபம் வந்து நின்றது.

"மூணு நாளா எம்பொண்ணு முகத்தைப் பார்க்க முடியாம கிடந்தேன் சார். சாமிகிட்ட சொன்னதை எங்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"கல்லுகிட்ட சொல்றது சுலபமா இருந்துச்சும்மா" என்றார் விநாயகமூர்த்தி. "மனுஷங்ககிட்ட சொல்லத்தான் பயம்."

தாரிணி கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டாள். கதவுவரை போனவள் திரும்பி நின்றாள்.

"திங்கட்கிழமை அந்த ஊர் ஹால்ல மீட்டிங் இருக்கு. மோட்டல்காரர் வருவாரு, படகு விக்கிறவரு வருவாரு. என்கூட வந்து, மேடையில நின்னு, அவங்க முகத்தைப் பார்த்து நெசமான எண்ணைச் சொல்லுங்க சார்."

விநாயகமூர்த்தி மடிக்கணினியை மூடினார். அப்புறம், வருகிறேன் என்றார்.

அவள் என்ன கேட்டாள் என்று பிலிப்பா சரத்திடம் கேட்டார். கௌரி அவனைத் திரும்பிப் பார்த்தார். சரத் ஒரு வார்த்தை கூட்டாமல், ஒரு வார்த்தை குறைக்காமல், தாரிணி சொன்னதை அப்படியே சொன்னான்.